மீன் வரும்போது வாசிக்கக் கூடாது

மலாக்காவில் கால் வைத்த அன்று நான் முதலில் போய் உட்கார்ந்த இடம் ஒரு சாவு வீடு. செத்தவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

குற்றம் என்னுடையதல்ல, டிராம்போனுடையது. உறையூரிலிருந்து நான் கொண்டுபோன அந்த நீளக் கொம்பின் பெட்டி கப்பலிலேயே உடைந்துவிட்டது. ஆகவே அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, பஸ் நிற்குமிடத்தில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறினேன். அங்கே அதைப் பேச்சா என்கிறார்கள். ஓட்டுகிறவருக்குப் பக்கத்திலேயே நமக்கு இருக்கை, மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. "காஜா பெராங்" என்று பேட்டையின் பெயரைச் சொன்னேன். ஓட்டுகிற சீனர் என் முகத்தைப் பார்க்கவில்லை, டிராம்போனைப் பார்த்தார். எல்லாம் புரிந்தவராகத் தலையை ஆட்டிவிட்டு மிதித்தார்.

அவர் கொண்டுபோய் இறக்கிய வீட்டு வாசலில் வெள்ளை விளக்குகள் தொங்கின. சாக்குத் துணி உடுத்திய நாலு பேர் என்னை வணங்கி உள்ளே அழைத்துப் போனார்கள். உள்ளே ஒரு பெஞ்சில் வெள்ளைச் சீருடையில் ஏழெட்டுப் பேர் கொம்பும் குழலுமாக உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். தேநீர் வந்தது, வேர்க்கடலை வந்தது, சாவுத் தீட்டு ஒட்டாமலிருக்க ஒரு மிட்டாயும் சிவப்பு நூலும் வந்தன. சீனர் சாவுக்கு பாண்டு வைப்பது அந்த ஊர் வழக்கமாம். கையில் கொம்போடு வருகிறவன் வேறு எங்கே போவான் என்று பேச்சாக்காரர் நினைத்திருக்கிறார்.

அவர்கள் வாசிக்கத் தொடங்கினார்கள். கடலையைத் தின்றுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை என்று பையிலிருந்து கார்னெட் என்கிற என் சின்னக் கொம்பை எடுத்து நானும் சேர்ந்துகொண்டேன்.

என்னை எதிர்பார்த்து ஊரெல்லாம் சைக்கிளில் தேடிக்கொண்டிருந்த சின்னையா, சீனச் சாவு வீட்டில் யாரோ கமகம் போட்டு ஊதுவதைக் கேட்டுத்தான் என்னைக் கண்டுபிடித்தார்.

"திருச்சி மாஸ்டர் நீங்கதானே?" என்றார். "வாங்கலா, போலாம். நம்ம வீடு ரெண்டு லோரோங் தள்ளி."

லோரோங் என்றால் சந்து. வார்த்தைக் கடைசியில் ஒரு 'லா' சேர்ப்பது அந்த ஊர்ப் பழக்கம். சின்னையா ஒரு தையற்காரர். நாற்பது வயது, ஒல்லி, கழுத்தில் எப்போதும் அளவு நாடா. கித்தா என்கிற ரப்பர் தோட்டத்தில் பிறந்து, டவுனுக்கு வந்து காஜா பெராங்கில் கடை போட்டவர். வீட்டு வாசலில் அவர் மனைவி பாக்கியம் மஞ்சள் தண்ணீரோடு நின்றார். செய்தி எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

"வந்ததும் வராததுமா சாவு வீட்டுக்குப் போயிட்டு வர்றீங்க. பின்பக்கமா போய்க் குளிச்சிட்டு வாங்கண்ணே, பசியாறலாம்" என்றார்.

பசியாறுவது என்றால் அங்கே காலைப் பலகாரம். மணி பதினொன்று ஆகியிருந்தாலும் அதற்குப் பெயர் அதுதான். தோசையோடு கோப்பி வந்தது. டின் பால் ஊற்றி, சீனி அள்ளிப் போட்டு, கரண்டி நிற்கிற பதத்தில் இருந்தது. எங்கள் ஊரில் ஒரு கல்யாணத்துக்கே போதுமான சர்க்கரை அது. முதல் நாள் முகத்தைச் சுளித்தேன். நாலாம் நாள் இரண்டாவது தம்ளர் கேட்டேன்.

நான் எதற்காக அங்கே போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சின்னையாவிடம் அவரையும் சேர்த்துப் பதினோரு பேர் கொண்ட பித்தளை பாண்டு ஒன்று இருந்தது. அது பிறந்த கதை விசேஷமானது. ஒரு சினிமாக் கொட்டகைக்காரர் திரைக்கென்று அரக்குச் சிவப்பில் கனத்த துணி வாங்கித் தைக்கக் கொடுத்துவிட்டு, பிறகு நீலம்தான் வேண்டும் என்று மனம் மாறிவிட்டார். அத்தனை துணியையும் என்ன செய்வது? சின்னையா பதினோரு கோட்டுத் தைத்தார். பிறகுதான் கோட்டுக்குத் தகுந்த ஆள் தேடினார், ஆளுக்குத் தகுந்த வாத்தியம் தேடினார். சங்கீதம் கடைசியாக வந்து சேர்ந்தது. அவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தால், இன்னும் கொஞ்ச நேரத்தில் திரை விலகிப் படம் தொடங்கும் என்று தோன்றும்.

பதினோரு வருஷமாகக் கல்யாணம், திருவிழா, தோட்டத்து விசேஷம் எல்லாவற்றுக்கும் அவர்கள் வாசித்துவந்தார்கள். துரைமார் விருந்துகளுக்கும் சிலமுறை கூப்பிட்டதுண்டு. ஆனால் ஒருமுறைகூட உள்ளே விட்டதில்லை. அங்சானா மரத்தடியில், கார் நிறுத்தும் கொட்டகையில், சமையல்கட்டு ஓரத்தில் உட்காரவைத்துத்தான் வாசிக்கச் சொல்வார்கள். ஜன்னல் வழியாகச் சத்தம் மட்டும் உள்ளே போகும்.

அது ஐம்பத்தேழாம் வருஷம், ஆகஸ்ட் மாதத் தொடக்கம். மெர்டேக்கா என்கிற சுதந்திரம் மாதக் கடைசியில் வரப்போகிறது. அதற்கு மூன்று வாரம் முன்பு, பெரிய பதவியில் இருந்த ஒரு துரைக்குப் பிரிவுபசார விருந்து. என்ன பதவி என்று நான் சொல்லப்போவதில்லை. வழக்கமாக இப்படிப்பட்ட விருந்துகளில் வாசிக்கிற போலீஸ் பாண்டு சுதந்திர ஒத்திகைக்காகத் தலைநகரம் போய்விட்டது. சின்னையா விருந்துக் கமிட்டியிடம் போய் நின்றார். வாசிக்கிறோம், ஆனால் உள்ளே நாற்காலி போட வேண்டும் என்றார். உள்ளே வாசிப்பது என்றால் விருந்து முறை தெரிந்த பாண்டு மாஸ்டர் வேண்டும் என்றார்கள் அவர்கள். இந்த விருந்து நன்றாக நடந்தால், சுதந்திர நாள் இரவு அதே மண்டபத்தில் நடக்கிற விருந்தும் சின்னையாவுக்குத்தான். கெட்டால் சிங்கப்பூர் ஓட்டல் ஒன்றின் பாண்டு வரும்.

அந்த விருந்து முறை தெரிந்த மாஸ்டர்தான் நான். 'கலெக்டர், கவர்னர் முதலானோர் விருந்துகளில் வாசித்து அனுபவமுள்ளவன்' என்று, ஆள் கேட்டுச் சின்னையா எழுதிய கடிதத்துக்குப் பதில் எழுதியிருந்தேன்.

வாசித்தது உண்மை. எங்கே உட்கார்ந்து வாசித்தேன் என்று கடிதத்தில் எழுதவில்லை. கலெக்டர் பங்களாவின் சமையல்கட்டுத் தாழ்வாரத்தில், அரிசி மூட்டைக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவே உட்கார்ந்து வாசித்தேன். சமையற்காரர் கரண்டியைத் தூக்கினால் தொடங்குவோம், இறக்கினால் நிறுத்துவோம். விருந்து என்கிற ஒன்றை நான் என் கண்ணால் பார்த்ததே இல்லை. கவர்னரையும் பார்த்ததில்லை, அவர் மிச்சம் வைத்த தட்டைப் பார்த்திருக்கிறேன்.

இந்த உண்மையை வயிற்றில் கட்டிக்கொண்டுதான் கப்பல் ஏறினேன்.

முதல் நாள் மாலையே அம்மன் கோயிலை ஒட்டிய கொட்டகையில் பதினோரு பேரும் கூடிவிட்டார்கள். செங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இருவர் சைக்கிளில் வந்தார்கள். குருபோங்கிலிருந்து வந்த ஒருவர் வழியில் பஞ்சராகி, பெரிய டிரம்மைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தார். உஜோங் பாசிரிலிருந்து ஒரு போர்த்துகீசிய மீனவர் வந்தார், கார்னெட்டோடு வீட்டுக்கு இரண்டு மீனும் கொண்டுவந்தார். எல்லாரும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பென்சிலோடு உட்கார்ந்தார்கள். சின்னையா எழுந்து, மாஸ்டர் முதலில் விருந்து முறைகளைச் சொல்லுவார் என்று அறிவித்தார்.

எனக்கு வியர்த்தது. ஆனால் வாய் ஓயவில்லை. சூப் வரும்போது மெதுவாக வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் கை நடுங்கிச் சிந்தும் என்றேன். மீனவருக்காகச் சின்னையா அதையே மலாயிலும் சொல்ல, பதினோரு பென்சிலும் எழுதின. கறி வரும்போது நடை பாட்டு, வெட்டுவதற்குத் தெம்பு வேண்டும். இனிப்பு வரும்போது தாலாட்டு மாதிரி. இதெல்லாம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, தங்கு தடையில்லாமல் வந்தது.

"மீனுக்கு, மாஸ்டர்?" என்று சின்னையா கேட்டார்.

நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். "மீன் வரும்போது வாசிக்கவே கூடாது. முள் இருக்கிறது. கவனம் சிதறினால் தொண்டையில் மாட்டிக்கொள்ளும்."

பென்சில்கள் அதற்கு அடியில் கோடு போட்டன. மீனவர் மட்டும் மிகவும் பலமாகத் தலையை ஆட்டினார். அவருக்கு அது தெரிந்த விஷயம்.

அந்தக் கூட்டத்தில் யூபோனியம் என்கிற பெரிய கொம்பு வாசிக்கிற நடராஜா பிள்ளையைத்தான் நான் உடனே மனதில் குறித்துக்கொண்டேன். பெயரே நடராஜா. நெற்றியில் மூன்று கோடு விபூதி. தூரதேசத்தில் மனம்விட்டுத் தமிழ் பேச ஆள் கிடைத்தது என்று கப்பல் கதையைப் பத்து நிமிஷம் விஸ்தாரமாகச் சொன்னேன். அவர் இடம் பார்த்துச் சிரித்தார், இடம் பார்த்து உச்சுக்கொட்டினார். முடிந்ததும் சின்னையாவிடம் திரும்பி மலாயில் ஏதோ கேட்டார். இவர் என்ன சொல்கிறார் என்று கேட்டாராம்.

அவர் மலாக்காச் செட்டிகளில் ஒருவர். பல நூறு வருஷத்துக்கு முன்பு வியாபாரத்துக்கு வந்து அங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்ட குடிகள். காஜா பெராங்கில் அவர்களுக்கென்று ஒரு கம்போங்கே, அதாவது ஒரு கிராமமே, இருக்கிறது. சாமி தமிழ்ச் சாமி, பேச்சு மலாய். தமிழில் சாமி, பூசை, தாலி, அக்கா என்று ஒரு கைப்பிடி வார்த்தைகள் வைத்திருக்கிறார்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நடராஜா என்று பெயரை வைத்துக்கொண்டு இப்படியா என்று சின்னையாவிடம் பொருமினேன்.

இரண்டாம் நாள் நடராஜா என்னைத் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். நிலைப்படியில் மாவிலைத் தோரணம், பூசை அறையில் குத்துவிளக்கு. அவர் மனைவி சாரோங்கும் கெபாயாவும் உடுத்தி, கொண்டையில் மல்லிகை வைத்துக்கொண்டு, தேங்காய்ப்பால் சோறும் புளி விட்ட மீன் குழம்பும் பரிமாறினார். பக்கத்தில் பெலாச்சான் என்கிற இறால் விழுது அரைத்த சம்பல். அதன் வாசனைக்கு எங்கள் வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். வாயில் வைத்தபிறகு நான் மூன்று முறை சோறு வாங்கினேன். ஆடி மாதத்துப் பூசை எந்தக் கிழமை, எத்தனை தேங்காய் உடைப்பது என்றெல்லாம் அவர் விரல் விட்டுக் காட்டினார். எங்கள் தெருவில் நன்றாகத் தமிழ் பேசுகிற எத்தனை பேருக்கு அது தெரியும் என்று யோசித்தேன். கோபத்தை அந்தக் குழம்போடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

நடராஜாவுக்குப் பகலில் குமாஸ்தா வேலை, பிரிவுபசாரம் பெறப்போகிற அதே துரையின் ஆபீசில். துரையின் கடிதங்களை டைப் அடிப்பவர் அவர்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஒத்திகைகள் தொடங்கின. நான் ஒரு மூங்கில் குச்சியை வைத்துத் தாளம் காட்டினேன். யாரும் குச்சியைப் பார்க்கவில்லை. மெதுவாக என்றால் வேகமாகப் போனார்கள், நிறுத்து என்றால் இன்னொரு சுற்று வந்தார்கள். இவர்கள் எதைப் பார்த்துத்தான் வாசிக்கிறார்கள் என்று புரியாமல் தவித்தேன். மூன்றாம் நாள் பதில் கிடைத்தது. கூரை உத்தரத்தில் ஒரு பல்லி என் தலைக்கு நேராக ஊர்ந்து வந்தது. அதைக் காட்டுவதற்காக ஆட்காட்டி விரலை உயர்த்தினேன்.

பதினோரு பேரும் ஒரே மூச்சில் வெடித்தார்கள். டிரம் இடித்தது, கொம்புகள் அலறின, எதிர்வீட்டு மலாய்க்காரரின் வாத்துக்கள் வேலியைத் தாண்டி ஓடின. பல்லி என் தோளில் விழுந்தது.

அது கெட்டிமேளம். தாலி கட்டும் நேரத்தில் பெரியவர் விரலை உயர்த்தி ஆட்டினால் நாதஸ்வரமும் தவிலும் முழங்குமே, அதேதான். நாதஸ்வரக்காரர் கிடைக்காத தோட்டத்துக் கல்யாணங்களில் பதினோரு வருஷமாக இந்தப் பித்தளைதான் அதை முழங்கியிருக்கிறது. விரல் எழும்பினால் போதும், கேள்வி முறை கிடையாது. தும்மலோ அழுகையோ ஆகாத பேச்சோ மாப்பிள்ளை காதில் விழக் கூடாதே! நடராஜாவுக்கும் அது தெரிந்திருந்தது. செட்டிகள் கல்யாணத்திலும் தாலி உண்டு, விரல் உண்டு. தமிழ் போனாலும் விரல் போகவில்லை.

"சுசாதான் மாஸ்டர்" என்று சின்னையா தலையைச் சொறிந்தார். தொல்லைதான் என்று அர்த்தம். "வெரலப் பாத்தா கை நிக்காது."

கவலை வேண்டாம், அன்றைக்கு மண்டபத்தில் துரை யாருக்கும் தாலி கட்டப்போவதில்லை என்றேன். நானும் விரலை மடக்கி வைத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மீதி நாள்களில் குச்சியை எறிந்துவிட்டு உள்ளங்கையால் வாசிப்பை ஏற்றி இறக்கக் கற்றுக்கொண்டோம். ஆச்சரியமாக, நன்றாகவே வந்தது.

விருந்தன்று சாயங்காலம் பாக்கியம் எல்லாருடைய கோட்டையும் இஸ்திரி போட்டுக் கொடுத்தார். ஒரு லாரியில் நின்றபடி போனோம். கடலோரம் பெரிய மண்டபம். வாசலில் நின்ற காவலாளி பழக்க தோஷத்தில் சமையல்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார். சின்னையா கோட்டுப் பையிலிருந்து கமிட்டியின் கடிதத்தை எடுத்து நீட்டினார். அதைத் துணிக்குள் மடித்து, ஒரு வாரமாகக் கல்யாணப் பத்திரிகை மாதிரி வைத்திருந்தார். உள்ளே பன்னிரண்டு நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. பதினோரு பேரும் உடனே உட்காரவில்லை. ஒவ்வொருவராக நாற்காலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். இவர்களை நாம் கவிழ்த்துவிடுவோமோ என்று முதன்முறையாக நிஜமாகவே பயந்தேன்.

பாண்டு சபையைப் பார்த்து உட்கார்ந்தது. நான் அவர்களைப் பார்த்து நின்றதால் சபை என் முதுகுக்குப் பின்னால். பார்த்தாலும் எனக்கு ஒன்றும் புரிந்திருக்காது. முள்கரண்டியும் கத்தியும் ஆளுக்கு ஏழெட்டு இருந்தன. நான் நிம்மதியாகப் பக்கவாட்டில் இருந்த சமையல்கட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டேன். அதுதானே எனக்குப் பழகிய கதவு. ஹைலாம் என்கிற ஹைனான் தீவுச் சீனர் ஒருவர், தலைமைச் சமையற்காரர், அங்கே நின்று பரிமாறுகிறவர்களை அனுப்பிக்கொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் ஒரு பொது மொழி கிடையாது. ஆனால் அவர் துண்டைத் தோளில் மாற்றுவதைப் பார்த்தே அடுத்த தட்டு தயார் என்று கண்டுகொண்டேன்.

சூப் சிந்தாமல் முடிந்தது. மீன் வாசனை கதவிடுக்கில் வந்ததுமே உள்ளங்கையை மடக்கினேன். வாத்தியம் நின்றது, கதவு திறந்தது, மீன் வந்தது. மண்டபம் முழுக்க ஒரு கௌரவமான அமைதி. பின்னால் ஒரு வெள்ளைக்கார அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம், இதுதான் நேர்த்தி, லண்டனில்கூட இப்போது இதை யார் பார்க்கிறார்கள் என்று சொன்னார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்துக்கே அது விளங்கியது. சின்னையா என்னைப் பார்த்த பார்வையில் பக்தி இருந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

கறி போயிற்று, இனிப்புப் போயிற்று. துரை பேச எழுந்தார். நல்ல மனிதர்தான், பத்து வருஷம் அந்த ஊரில் இருந்தவர் என்றார்கள். முதலில் மரம், மழை, டுரியான் பழம் என்று நன்றாகப் பேசினார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் பக்கத்தில், அவருடைய நாற்காலிக்கு வரப்போகிற மலாய் அதிகாரி கறுப்புச் சொங்கோக் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். வாழ்த்துச் சொல்லிக் கிண்ணம் தூக்கும் நேரம் வரப்போகிறது, அப்போது வாசிக்க வேண்டும் என்று நான் உள்ளங்கையைத் தயாராக வைத்திருந்தேன்.

துரையின் குரல் திடீரென்று கனத்தது. "ஆனால் ஒரு விஷயம்" என்றார். பின்னால் அவர் என்ன செய்தார் என்று நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் பதினோரு பேர். அவர் ஆட்காட்டி விரலை உயர்த்தி ஆட்டினார்.

முதலில் யூபோனியம் முழங்கியது. அரைக் கண நேரம் தனியாக. அடுத்த கணம் மற்ற பத்துப் பேரும் பாய்ந்தார்கள். மண்டபத்துக் கண்ணாடி விளக்குகள் ஆடின. நான் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அமுக்கினேன், கும்பிட்டேன், ஒரு காலைக்கூடத் தூக்கினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்தால் கை நிற்காது என்று சின்னையா சொன்னது எவ்வளவு சத்தியம்! அவர் முகமே வெளுத்துப்போய், ஊதுவதை நிறுத்த முடியாமல் ஊதிக்கொண்டிருந்தார்.

திரும்பிப் பார்த்தேன். துரை வாயைத் திறந்தபடி, விரலைத் தூக்கியபடி நின்றார். சபைக்கு அது வேறு மாதிரித் தெரிந்திருக்கிறது. துரை விரல் காட்டினார், பாண்டு முழங்கியது, அப்படியென்றால் கிண்ணம் தூக்குகிற நேரம். மலாய் அதிகாரிதான் முதலில் எழுந்தார், எலுமிச்சைச் சாற்றுக் கிண்ணத்தோடு. நாற்காலிகள் கிறீச்சிட, இருநூறு பேர் எழுந்தார்கள். எல்லாரும் துரையின் நலத்துக்காகக் குடித்தார்கள். அவரும் விரலை மடக்கிக் கிண்ணத்தை எடுக்கவேண்டியதாயிற்று. மேளம் ஓய்ந்தபோது கைதட்டல் தொடங்கிவிட்டது. பேச்சைத் தொடர வழியில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். போகும்போது பெரிய டிரம்மைத் தட்டிக்கொடுத்து, மிகவும் உற்சாகமான வாசிப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்ததும் மலாய் அதிகாரி எங்கள் முன்னால் வந்து நின்றார். எல்லாரும் எழுந்தார்கள். இவ்வளவுதான், சிங்கப்பூர் பாண்டு வந்துவிட்டது என்று நான் முடிவு செய்துகொண்டேன். முதலில் வாசித்தது யார் என்று அவர் மலாயில் கேட்டார்.

பத்துப் பேரும் வாத்தியத்தைத் துடைக்கத் தொடங்கினார்கள். பிறகு நடராஜா பிள்ளை வலது கையின் ஆட்காட்டி விரலை, மார்பு உயரத்துக்கு மட்டும், மெதுவாக உயர்த்தினார்.

அதிகாரி அந்த விரலைப் பார்த்தார். பிறகு சொன்னதை அப்படியே சின்னையா எனக்குத் தமிழாக்கினார்:

"மெர்டேக்கா ராத்திரி விருந்துக்கு நாற்காலிய இன்னும் கிட்டப் போடச் சொல்றாரு, மாஸ்டர். தான் பேசுறப்ப ரெண்டு கையையும் கோட்டுப் பையில வச்சிக்கிறாராம்."

மறுநாள் காலை பசியாறும்போது நடராஜா வந்தார். எதையோ சொல்ல வந்தது போலிருந்தது அவர் முகம். அவர் மலாயில் சொல்ல, சின்னையா எனக்குச் சொன்னார். துரையின் பேச்சை டைப் அடித்தது நடராஜாதான். திருத்தித் திருத்தி மூன்று தடவை. மூன்று தடவையும் 'ஆனால் ஒரு விஷயம்' என்பதற்கு அடுத்த வரி மாறவில்லை. சுதந்திரம் உங்களுக்குச் சற்று அவசரமாக வந்துவிட்டது, இது நிலைக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான், என்ற வரி.

"மூணு வாரத்துல கல்யாணம் வச்சிருக்கிற வீட்ல சொல்ற பேச்சா அது, அப்படின்றாரு" என்றார் சின்னையா.

அப்படியானால் வேண்டுமென்றே வாசித்தாரா, பழக்கத்தில் வாசித்தாரா என்று கேட்கச் சொன்னேன். சின்னையா கேட்டார். நடராஜா தோசையைப் பிட்டுக்கொண்டே, விரலைப் பார்த்தால் கை நிற்காது என்றார். மறுபடி கேட்டோம். தோசை நன்றாக இருக்கிறது என்றார்.

அவர் போனபிறகு எனக்கு மனசு கொள்ளவில்லை. ஒரு குமாஸ்தா தம் வேலையைப் பணயம் வைத்து ஊதியிருக்கிறார், நானோ பொய்யைச் சொல்லிச் சோறு தின்றுகொண்டிருக்கிறேன். சின்னையாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தாழ்வாரம், அரிசி மூட்டை, கோழிக்கூண்டு, கரண்டி, ஒன்றையும் விடவில்லை. மீன் விஷயம் நான் கட்டிவிட்டது என்பதையும் சொன்னேன்.

சின்னையா கோப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நேத்தே தெரியும் மாஸ்டர். சபையப் பாக்காம நீங்க அடுப்படிக் கதவையே பாத்தப்பவே தெரியும். அங்க உக்காந்து பழகினவருக்குத்தான் மீன் எப்ப வரும்னு மூக்குல தெரியும்." பிறகு நிமிர்ந்து கேட்டார். "உங்க ஊருல மெர்டேக்கா வந்து பத்து வருஷம் ஆச்சே. இன்னுமா அங்கயே உக்காந்திருக்கீங்க?"

பாக்கியம் இன்னும் ஒரு தோசையைப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

சுதந்திர நாள் விருந்துக்கு நான் இருக்கவில்லை, கப்பல் அதற்கு முன்பே கிளம்பிவிட்டது. சின்னையாவின் கடிதம் பின்னால் வந்தது. நாற்காலி கிட்டப் போட்டார்களாம். அதிகாரி சொன்னபடி கையைப் பையிலேயே வைத்திருந்தாராம், சபைக்குத்தான் காரணம் தெரியவில்லையாம். இப்போது அந்த ஊரில் எந்தப் பெரிய விருந்தானாலும் மீன் வரும்போது பாண்டு நின்றுவிடுகிறதாம். போலீஸ் பாண்டுகூட.

நான் திரும்பி வந்து ஒரு மாதத்தில் திருச்சியில் ஒரு பெரிய வக்கீல் வீட்டு விருந்துக்கு எங்கள் பாண்டைக் கூப்பிட்டார்கள். வாசலில் நின்ற ஆள் வழக்கம்போலச் சமையல்கட்டுத் தாழ்வாரத்தைக் காட்டினான். என் ஆட்கள் வழக்கம்போல அந்தப் பக்கம் திரும்பினார்கள். நான் திரும்பவில்லை. வாசலில் கிடந்த ஒரு நாற்காலியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நேராகக் கூடத்துக்குள் போய், நடுவில் போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக மற்றவர்களும் நாற்காலியோடு வந்தார்கள். வக்கீல் எங்களைப் பார்த்தார். விருந்தாளிகள் முன்னால் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வாசியுங்கள் என்றார்.

சூப்புக்கு மெதுவாகத் தொடங்கினோம். மீனுக்கு நிறுத்த வேண்டும் என்று ஆட்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஆனால் அது சைவ விருந்து. கடைசிவரை மீன் வரவே இல்லை. நாங்களும் கடைசிவரை நிறுத்தவே இல்லை.